ஏற்காட்டுக் குளிரில் ஹைப்ரிட் கார்: பேட்டரி நிறைந்திருந்தும் எஞ்சின் அணைய மறுப்பது ஏன்?

நாகலூர் சாலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறது. மாமனாருடைய தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால், கார்த்திகை பிறந்ததிலிருந்து குடும்பத்தோடு ஏற்காட்டில், நாகலூர் செல்லும் சாலையில் உள்ள அவருடைய வீட்டில் தங்கியிருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் வேலைக்காக நான் மலையிறங்கிப் போய் வருகிறேன். சென்ற சித்திரையில் வாங்கிய எங்கள் கார், மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த, வெளியிலிருந்து சார்ஜ் செய்யத் தேவையில்லாத ஹைப்ரிட் வகை. சேலத்தில் ஏழு மாதம் ஓட்டியதில் குறை என்று ஒன்றும் சொல்வதற்கில்லை. மலைக்கு வந்த பிறகு அதே கார் வேறொரு காரைப் போல நடந்துகொள்கிறது.

காலை ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்தினால் ரெடி விளக்கு எரிகிறது. வெளி வெப்பநிலை 13 என்று டாஷ்போர்டு காட்டுகிறது. பேட்டரிப் படத்தில் எட்டுக் கோட்டுக்கு ஆறு கோடு நிறைந்திருக்கிறது. ஆனாலும் ஐந்தாறு நொடிக்குள் எஞ்சின் தானாகவே கிளம்பி, கரகரத்த குரலில், சற்று உயர்ந்த வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. நான் ஆக்சிலரேட்டரில் கால்கூட வைப்பதில்லை. மின் மோட்டாரில் மட்டும் ஓட்டுவதற்கான ஈவி பொத்தானை அழுத்தினால் இப்போது இயலாது என்ற அறிவிப்பு வருகிறது. சேலத்திலும் காலையில் இந்தச் சத்தம் கேட்கும், ஆனால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். இங்கே, பால் வாங்க ஒன்றரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வரும் வரை பெரும்பாலும் அணைவதே இல்லை. அந்தக் குட்டிப் பயணங்களுக்கு லிட்டருக்கு 11, 12 என்று மைலேஜ் காட்டுகிறது. சேலத்தில் 23க்குக் கீழே நான் பார்த்ததில்லை.

மலையிறங்கும்போது வேறொரு புதிர். முதல் சில வளைவுகள் வரை அமைதியாக வரும் கார், அதன் பிறகு, நான் காலைப் பிரேக்கில் மட்டுமே வைத்திருக்கும்போது, யாரோ ஆக்சிலரேட்டரை மிதித்ததுபோல வீறிடுகிறது. பின்னிருக்கையில் இருந்த என் மகள், காருக்குக் கோபம் வந்துவிட்டதா என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சர்வீசுக்கு விடும் இடத்தில் கேட்டபோது, குளிரில் பேட்டரி வலுவிழந்திருக்கும், சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். சத்தம் குறைய வேண்டுமானால் கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றித் தரட்டுமா என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் சம்மதிக்காமல் வந்துவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இது பழுதா, இயல்பா? இயல்பு என்றால் பேட்டரி நிறைந்திருக்கும்போது எஞ்சினுக்கு அங்கே என்ன வேலை?

கோரிமேடு பட்டறை

ஐயா, அந்தச் சோதனைக்குப் பணம் கட்டாமல் வந்தீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. நீங்கள் எழுதியதில் பேட்டரி கெட்டதற்கான அடையாளம் ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை. மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் பட்டறை வைத்திருப்பதால், மார்கழி, தை இரண்டு மாதமும் இதே கேள்வியோடு இறங்கி வரும் ஹைப்ரிட் வண்டிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

காலையில் உங்கள் எஞ்சின் கிளம்புவது காரை நகர்த்துவதற்காகவும் அல்ல, பேட்டரியை நிரப்புவதற்காகவும் அல்ல, தன்னைச் சூடாக்கிக்கொள்வதற்காக. அதிலும் முதலில் சூடாக வேண்டியது எஞ்சின்கூட இல்லை, புகை வெளியேறும் வழியில் எஞ்சினை ஒட்டி வைத்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசிய, தேன்கூடு போன்ற அந்தப் பாகம்தான் கார்பன் மோனாக்சைடையும் எரியாமல் தப்பிய பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. ஆனால் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை சூடேறினால்தான் அது வேலையைத் தொடங்கும். அதனால் எஞ்சினை ஆளும் கணினி, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் தீப்பொறியை வழக்கத்தைவிடத் தாமதமாக விழச் செய்கிறது. பிஸ்டன் கீழிறங்கத் தொடங்கிய பிறகு பெட்ரோல் எரிவதால், அந்தச் சூட்டில் பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் புகையோடு சேர்ந்து வெளியேறி கன்வெர்ட்டரைச் சுடவைக்கிறது. தெரிந்தே செய்யும் வீண்செலவு அது. நீங்கள் கேட்கும் கரகரப்பும் அங்கிருந்து வருவதுதான். அந்த முதல் ஒரு நிமிடத்தில் நீங்கள் மெதுவாகக் கிளம்பினால் காரை நகர்த்துவது பெரும்பாலும் மோட்டார்தான். எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருக்கும்.

கன்வெர்ட்டர் சூடான பிறகும், எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரான கூலன்ட் சூடாவது மிச்சமிருக்கிறது. நான் ஸ்கேனர் மாட்டிப் பார்த்த வண்டிகளில் கூலன்ட் ஏறத்தாழ 40 டிகிரியைத் தாண்டும் வரை எஞ்சின் அணைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். 70 டிகிரியை நெருங்கிய பிறகுதான் சிக்னலில் நின்றதும் அணைவது, சமதளத்தில் மோட்டாரில் மட்டும் ஓடுவது ஆகிய குணங்களெல்லாம் முழுமையாக வரும். வண்டிக்கு வண்டி இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஈவி பொத்தான் உங்களை மறுத்ததற்கும் இதுதான் காரணம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சித்திரையில் உங்கள் அஸ்தம்பட்டி வாசலில் கூலன்ட் 30 டிகிரியில் தொடங்கினால் 70ஐ எட்ட 40 டிகிரி ஏற வேண்டும். ஏற்காட்டில் 13இல் தொடங்கினால் 57 டிகிரி ஏற வேண்டும். சூடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேண்டும். ஏறுகிற சூட்டையும் குளிர்காற்று தின்றுகொண்டே இருக்கும். இதில் இன்னொரு சிக்கல், இந்த எஞ்சின்கள் கெட்டிக்காரத்தனமானவை. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை வேலையாக மாற்றும்படி வடிவமைக்கப்பட்டவை என்பதால், வீணாகும் சூடு பழைய எஞ்சின்களைவிடக் குறைவு. வீண்சூடு குறைந்தால் தானே சூடாவதும் தாமதம்தான். மூன்று கிலோமீட்டர் பால் பயணம் இந்தச் சடங்கு முடிவதற்குள் முடிந்துவிடுகிறது. அந்த 11, 12 என்பது எஞ்சினை உலையேற்றிய செலவே தவிர காரை ஓட்டிய செலவு அல்ல. அதைக் காரின் மைலேஜ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேட்டரி பற்றி. உங்கள் காரில் இரண்டு இருக்கின்றன. சின்ன 12 வோல்ட் பேட்டரி கணினிகளையும் பூட்டுகளையும் விழிக்க வைப்பதற்கு. எஞ்சினைச் சுற்றிவிடுவது பெரிய ஹைப்ரிட் பேட்டரியின் மின்சாரத்தில் இயங்கும் மோட்டார் ஜெனரேட்டர். குளிரில் இரண்டுக்குள்ளும் வேதிவினை மந்தமாகும் என்பது உண்மை. ஆனால் 13 டிகிரி அவற்றுக்குப் பெரிய குளிரே இல்லை. பெரிய பேட்டரி உண்மையிலேயே சோர்ந்திருந்தால் கோடுகள் மளமளவென்று இறங்கி மளமளவென்று ஏறும், எச்சரிக்கை விளக்கு எரியும், அதன் விசிறி ஓயாமல் இரையும். டொயோட்டா, மாருதி இரண்டுமே இந்தியாவில் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. உங்கள் வண்டி வாங்கி ஓராண்டு கூட ஆகவில்லை. இனி யாராவது பேட்டரி கெட்டுவிட்டது என்று சொன்னால், உத்தரவாதத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கெட்டியான ஆயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இரவு எழுதுகிறேன். அதுவரை யாரையும் ஊற்ற விடாதீர்கள்.

மஞ்சக்குட்டை ஜீப்

இவ்வளவு விளக்கம் எதற்கு என்று தெரியவில்லை. எங்கள் தோட்டத்து டீசல் ஜீப்பை நாற்பது வருடமாகக் காலையில் கிளப்பி, பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் எடுக்கிறோம். இவரும் அப்படியே செய்தால் போதுமே.

கோரிமேடு பட்டறை

அண்ணா, உங்கள் ஜீப்புக்கு அது சரி. அந்த எஞ்சினும் அந்தக் காலத்து ஆயிலும் அப்படிப்பட்டவை. இவருடைய காரை நின்ற இடத்தில் ஓடவிட்டால் சுமை இல்லாத எஞ்சின் மிக மெதுவாகத்தான் சூடாகும், பெட்ரோல்தான் போகும். அரை நிமிடம் பொறுத்து, சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்பி, முதல் இரண்டு கிலோமீட்டருக்கு ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்காமல் ஓட்டினால் போதும். ஓடும்போது சூடாவதுதான் விரைவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும் அந்த முதல் நிமிடத்தில் மேடேறும் அவசரத்தில் அழுத்தி மிதித்தால், கன்வெர்ட்டர் தயாராகும் முன்பே எஞ்சின் சுமை இழுக்கத் தொடங்கும். அந்த ஏற்பாட்டின் நோக்கமே கெட்டுவிடும். காப்பியை நீங்கள் குடித்துவிட்டே கிளம்பலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒண்டிக்கடை பக்கம்

வணக்கம் சகோதரரே. நானும் இதே வகைக் காரை இரண்டு குளிர்காலமாக இங்கே ஓட்டுகிறேன். பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: நீங்கள் ஹீட்டர் போடுகிறீர்களா? உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் என் காரில் பாதிப் பிரச்சினை அதில்தான் இருந்தது.

ஹைப்ரிட் காரில் ஏசி மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் அணைந்திருந்தாலும் குளிர்ச்சி தரும். ஹீட்டர் அப்படி இல்லை. அது எஞ்சினின் சுடுநீரைத்தான், அதாவது கூலன்டைத்தான், சின்னதொரு ரேடியேட்டர் வழியாகச் சுற்றவிட்டு அதன் மேல் காற்றை ஊதுகிறது. காலையில் ஏறியதும் ஆட்டோவில் 26 வைத்துவிட்டால், எஞ்சின் சேர்த்துவைக்கும் சூட்டை ஒரு பக்கம் ப்ளோயர் அள்ளிக்கொண்டே இருக்கும். கூலன்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் எஞ்சின் மறுபடியும் கிளம்பும். அடுப்பில் பால் காயும்போதே கரண்டி கரண்டியாக எடுத்துக் குடித்துக்கொண்டு, இன்னும் பொங்கவில்லையே என்று கேட்பது மாதிரி. முதல் நாலைந்து நிமிடம் ப்ளோயரை அணைத்து வையுங்கள். சூடு வந்த பிறகு 20, 21 என்று தாழ்த்தி வையுங்கள். என் மாமியாருக்கு அந்த நேரத்துக்கு ஒரு சால்வை மடியில் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் பனிமூட்டத்தில் இந்தச் சிக்கனம் வேண்டாம். தோட்டத்திலிருந்து ஈரச் செருப்போடும் நனைந்த கம்பளியோடும் நான்கு பேர் ஏறினால், ஏரியைத் தாண்டுவதற்குள் முன்கண்ணாடி பால் நிறமாகிவிடும். அப்போது உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை விட்டு வெளிக்காற்றுக்கு மாற்றி, ஏசியையும் போட்டு, முன்கண்ணாடிக்கு ஊதும் பொத்தானை அழுத்துங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், கண்ணாடி ஓரளவு சீக்கிரமே தெளியும். எஞ்சின் ஓடினால் ஓடட்டும். எதிரே பேருந்து இறங்கி வரும் வளைவில் பாதை தெரியாமல் மிச்சப்படுத்தும் பெட்ரோல் யாருக்கு வேண்டும்?

பால், பேப்பர், குழந்தையைப் பள்ளியில் விடுவது என்று தனித்தனியாகப் போவதையும் நான் நிறுத்திவிட்டேன். எட்டரை மணிக்கு ஒரே சுற்றாகப் போய் வருகிறேன். ஒருமுறை சூடான எஞ்சின் ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டாலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது; அதற்குள் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டால் அந்தச் சடங்கு மறுபடி முதலிலிருந்து வராது.

ஓமலூர், இப்போது டொரண்டோ

ஊர்க்காரர்கள் 13 டிகிரியைக் குளிர் என்று எழுதுவதைப் படிக்க ஆசையாக இருக்கிறது. இங்கே மைனஸ் 20இல் என் ஹைப்ரிட் படும் பாட்டைச் சொன்னால் உங்கள் கவலை பாதி குறையும். இங்கே ஜனவரியில் ஹீட்டர் ஓடும்போது சிக்னலில் எஞ்சின் அணைவதைக் காண்பதே அரிது. அணைந்தாலும் கூலன்ட் ஆறியதும் உடனே கிளம்பிவிடும். பேட்டரியும் அந்தக் குளிரில் மின்சாரத்தை வாங்கவும் கொடுக்கவும் தயங்கும் என்பதால் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரமும் குறைந்துவிடும். கோடையோடு ஒப்பிட்டால் மைலேஜ் நன்றாகவே இறங்கும். அதை யாரும் பழுது என்று சொல்வதில்லை.

டொயோட்டா இந்தச் சிக்கலோடு நெடுநாளாக மல்லுக்கட்டி வருகிறது. 1997இல் ஜப்பானில் அதன் முதல் பிரியஸ் ஹைப்ரிட் கார் வந்தது. இரண்டாம் தலைமுறை பிரியஸ் வட அமெரிக்காவில் விற்ற 2004 முதல் 2009 வரையிலான மாடல்களில், ஏறத்தாழ மூன்று லிட்டர் சூடான கூலன்டைப் பிடித்துவைக்கும் ஒரு பெரிய பிளாஸ்க்கையே காருக்குள் வைத்தார்கள். மறுநாள் காலையில் கிளப்பும் முன் அந்தச் சுடுநீரை எஞ்சினுக்குள் அனுப்பிவிடும். நம் வீட்டுக் காப்பி பிளாஸ்க்கின் அதே தத்துவம். அதற்கு அடுத்த தலைமுறையில் பிளாஸ்க்கை எடுத்துவிட்டு, வெளியேறும் புகையின் சூட்டிலிருந்தே கூலன்டைச் சூடாக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள்.

இங்கே சிலர் குளிர்காலத்தில் ரேடியேட்டருக்கு முன்னுள்ள கிரில்லை அட்டையால் பாதி அடைத்து ஓட்டுவார்கள். அதைப் பார்த்து ஏற்காட்டில் யாரும் அட்டை வெட்ட வேண்டாம். காலையில் 13இல் கிளம்பும் கார் ஒரு மணி நேரத்தில் சேலத்து வெயிலில் நிற்கும். திரும்பும்போது அடைத்த ரேடியேட்டரோடு மலையேற வேண்டியிருக்கும்.

நாகலூர் சாலை

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் சோதித்துப் பார்த்தேன். நண்பர் ஒருவரிடமிருந்து காரில் செருகும் சின்ன ஸ்கேனரை வாங்கி வந்து, செல்பேசியில் கூலன்டைப் பார்த்துக்கொண்டே கிளப்பினேன். நேற்று ஹீட்டரை வழக்கம்போல் போட்டேன். தொடக்கத்தில் 14 டிகிரி. பால் கடையை அடையும்போது 38. கடையில் நின்ற நேரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று ஹீட்டரை அணைத்து, மெதுவாகக் கிளம்பினேன். அதே 14இல் தொடங்கி, கடை வாசலில் 47 காட்டியது. நான் கதவைத் திறக்கும்போது எஞ்சின் அணைந்தது. இரண்டு மாதமாக அந்தக் கடை வாசலில் அந்த அமைதியைக் கேட்டதில்லை. கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

ஹீட்டர் பற்றி ஒண்டிக்கடை சகோதரி சொன்னது சரி. 25இல் ஆட்டோ வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இனி இறக்கத்தில் வரும் வீறிடலுக்கு மட்டும் விடை வேண்டும். இன்று ஸ்கேனரில் பார்த்தபோது, அந்தச் சத்தம் வரும்போது கூலன்ட் ஏறவில்லை, மாறாக இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் அவ்வளவு வேகமாகச் சுற்றும்போது சூடு எப்படிக் குறையும்?

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

தம்பி, நீங்கள் கவனித்ததே விடை. எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் அதற்குள் எதுவும் எரியவில்லை. பெட்ரோல் நிறுத்தப்பட்ட எஞ்சினை உங்கள் காரின் எடைதான் சுற்றுகிறது. அது வெறும் காற்றை இழுத்து வெளியேற்றும் பம்பாக இருக்கிறது. அதனால்தான் சூடு குறைகிறது. காரணத்தைக் கொஞ்சம் எண்ணிக்கையோடு சொல்கிறேன். பள்ளியில் இயற்பியல் எடுத்த பழக்கம் விடவில்லை.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் வரை சுமாராக 1,100 மீட்டர் இறங்குகிறீர்கள் என்று கொள்வோம். ஆட்களோடு சேர்த்துக் காரின் எடை 1,500 கிலோ. எடையை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் 1 கோடியே 61 லட்சம் ஜூல் வருகிறது. மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும்போது உங்கள் கார் இழக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ நாலரை யூனிட். டயர் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் ஒரு யூனிட் போனாலும் மூன்றரை மிச்சம். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் அதை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும்.

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா போன்ற கார்களில் உள்ள ஹைப்ரிட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 0.76 யூனிட் மட்டுமே. அதிலும் ஆயுளைக் காப்பதற்காக நடுப்பகுதியை மட்டுமே கணினி பயன்படுத்தும். காலியாகவும் விடாது, நிறையவும் விடாது. நீங்கள் கிளம்பும்போதே எட்டில் ஆறு கோடு நிறைந்திருக்கிறது. கிளியூர் அருவியைக் குடத்தில் பிடிக்கப் போன கதைதான். சில வளைவுகளில் குடம் நிறைந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் ஆற்றலைக் கொட்ட வேறு இடம் வேண்டும். இல்லையென்றால் முழுச் சுமையும் பிரேக் கட்டைகள் மேல் விழும்; மலைப்பாதையில் பிரேக் சூடாகிப் பிடிமானம் தளர்ந்த வண்டிகளின் கதை நமக்குப் புதிதல்ல. அதனால் காரின் ஜெனரேட்டர் எஞ்சினை வேகமாகச் சுற்றவைத்து, காற்றை அழுத்தும் வேலையில் அந்த ஆற்றலைச் செலவழிக்கிறது. கியர் வண்டியில் இரண்டாம் கியரில் இறங்குவோமே, அதே எஞ்சின் பிரேக்தான். இங்கே அதைக் கணினி செய்கிறது. உங்கள் மகளிடம் காருக்குக் கோபமில்லை, மூச்சு வாங்குகிறது என்று சொல்லுங்கள்.

கியர் குச்சியில் பி (ஆங்கில B, நிறுத்துவதற்கான P அல்ல) என்ற நிலை இருக்குமானால், பேட்டரி நிறைந்த பிறகு அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். சத்தம் கூடும், பிரேக் குளிர்ச்சியாக இருக்கும். தொடக்கத்திலிருந்தே பி-யில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. பேட்டரியில் இடம் இருக்கும்போதே எஞ்சினைச் சுற்றி ஆற்றலை வீணாக்குவானேன்? நியூட்ரலுக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். அந்த நிலையில் பேட்டரிக்கு மின்சாரமும் ஏறாது, எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது.

குளிர் இதில் எங்கே வருகிறது என்றால், குளிர்ந்த எஞ்சினோடு நேராக இறக்கத்தில் விழுந்தால் கன்வெர்ட்டர் சூடேறும் வரை பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கும். காருக்குத் தேவையே இல்லாத வேளையில் அந்தச் செலவு. நாகலூர் சாலையிலிருந்து ஏரி வரைக்கும் உள்ள மேடு பள்ளத்தில் எஞ்சின் சூடாகிவிட்டால் இந்தத் தொல்லை இராது. ஆனால் நீண்ட இறக்கத்தில் அது மறுபடி ஆறிவிடும். ஒன்று கேட்கிறேன்: கீழே இறங்கி, அஸ்தம்பட்டி சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் காரணமில்லாமல் கிளம்புவதைக் கவனித்திருக்கிறீர்களா?

நாகலூர் சாலை

கவனித்திருக்கிறேன் ஐயா. ஒரு மணி நேரம் ஓடிய கார் சிக்னலில் போய் ஏன் கிளம்புகிறது என்று எண்ணிக்கொண்டதும் உண்டு. இப்போது புரிகிறது, அது ஒரு மணி நேரம் ஓடவே இல்லை, காற்று வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. இன்று ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்பக்கம் மோர் ஆடை போல வெளுத்த பசை ஒட்டியிருந்தது. சேலத்தில் இருந்தபோது அப்படி இருந்ததில்லை. பயமாக இருக்கிறது.

கோரிமேடு பட்டறை

வாத்தியார் ஐயா கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்கு வேலை குறைந்தது. ஆயில் பற்றிச் சொல்வதாக விட்டுப்போனதை இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வெள்ளைப் பசை பெரும்பாலும் ஈரம். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகும்; கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் இருக்கும் அறைக்குள்ளும் போகும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அந்த ஆவி வெளியேறிவிடும். பால் கடை வரை போய் அணையும் எஞ்சினில் அது குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து இப்படி ஆடை கட்டும். முழுதாக எரியாத பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். வாரம் மூன்று நாள் சேலம் வருகிறீர்கள், ஆனால் இறங்கும் வழியில் எஞ்சின் காற்றுதான் வாங்குகிறது. திரும்பி ஏறும்போதுதான் அதற்கு உண்மையான வேலை. மலையேறி முடிக்கும்போது ஆயில் கொதிக்கக் கொதிக்க இருக்கும், ஈரம் தானாகப் போய்விடும். ஆகவே மூடியைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று முறை மலையேறிய பிறகு திறந்து பாருங்கள்.

கெட்டியான ஆயில் வேண்டாம் என்றதற்குக் காரணம் இது. இந்த ஹைப்ரிட் எஞ்சின்களுக்கு 0டபிள்யூ-16 போன்ற மிக இளகிய ஆயிலைத்தான் சொல்கிறார்கள். உங்கள் காருக்கு எது என்பது கையேட்டில் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் எவ்வளவு சிறிதோ, குளிரில் அவ்வளவு எளிதாக ஓடும். சாதாரணக் கார் எஞ்சின் காலையில் ஒருமுறை கிளம்பினால் மாலைவரை ஓடும். உங்கள் எஞ்சின் ஒரே பயணத்தில் பல முறை நின்று கிளம்பும். ஒவ்வொரு முறையும் ஆயில் உடனே மேலே போய்ச் சேர வேண்டும். 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் ஒருவேளை மட்டுப்பட்டதுபோல் தோன்றும், ஆனால் 13 டிகிரியில் அது தேன் மாதிரி நகரும், மைலேஜும் குறையும். ஆயில் மாற்றும் கெடுவைக் கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் தள்ளிப் போடாதீர்கள். குட்டிப் பயணம் மிகுந்த காருக்கு மாதக் கணக்கும் முக்கியம்.

இத்தனைக்குப் பிறகும் பசை திரும்பத் திரும்ப வந்தால் ஒன்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும் காலையில், கூலன்ட் டப்பாவின் வெளிப்பக்கம் மட்டம் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பதினைந்து நாள் கழித்து அதே நேரத்தில், அதே இடத்தில் கார் நிற்கும்போது பாருங்கள். மட்டம் கோட்டிலேயே நின்றால் பசை வெறும் பனிக்கால ஈரம்தான். இறங்கியிருந்தால் நீங்களாக ஊற்றி நிரப்பாமல், அந்தக் கோட்டோடு வண்டியை அப்படியே கொண்டு வாருங்கள்.